பாதிச் சூரியனும் என் தாயாரும்



எழுத்தறியாத ஒருவரிடம் கடிதம் எழுதிக் கொடுப்பதில் பயனில்லை என்பது எவருக்கும் தெரியும். ஆனால் ஒரு படத்தை வரைந்து கொடுத்துவிட்டால் அது யாருக்கும் விளங்கிவிடும் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணுகிறோம். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு என்பதை ஒரு மாலைப் பொழுது எனக்குக் கற்றுக் கொடுத்தது. அந்தப் பாடத்தின் விலையை நான் செலுத்தவில்லை. என் தாயார் செலுத்தினார்கள். ஆகவேதான் இதனை உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

வேலூரிலிருந்து திருவண்ணாமலை செல்லும் சாலையில் உள்ள கண்ணமங்கலம் எங்கள் ஊர். மேற்கே ஜவ்வாது மலைத்தொடர் நீண்டு கிடக்கிறது. நான் கலைப் பட்டம் பெற்ற பின் மதரஸாவில் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் பணியில் அமர்ந்தவன். என் தாயாருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. குர்ஆனைத் தங்குதடையின்றி ஓதுவார்கள். ஆனால் தமிழ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. அவர்களுடைய தாயாருக்கு அரபு எழுத்தில் தமிழை எழுதும் அரபுத்தமிழ் தெரிந்திருந்ததாம். என் தாயாரின் காலத்தில் அந்தப் பழக்கமும் எங்கள் வீட்டை விட்டுப் போய்விட்டது. ஓத மட்டும் தெரிந்து, படிக்கத் தெரியாமல் நின்றுவிட்ட தலைமுறை அது.

தாயாருக்கு மூன்று மாத்திரைகள். சர்க்கரைக்குக் காலை உணவுக்கு முன்பு ஒன்று, இரத்த அழுத்தத்திற்கு மதியம் ஒன்று, கொழுப்புக்கு இரவு படுக்கும் முன்பு ஒன்று. வழக்கமாக இவற்றை எடுத்துக் கொடுப்பவள் என் மனைவி. தன் தங்கையின் பிரசவத்திற்காக அவள் இரண்டு வாரம் ஊருக்குச் செல்ல வேண்டியதாயிற்று. நான் விடியுமுன் மதரஸாவுக்குப் போகிறவன். மகள் கல்லூரிக்குப் போகிறவள். ஆகவே தாயார் தாமாகவே பார்த்துச் சாப்பிடும்படி ஒரு தாள் தயாரித்துவிடலாம் என்று தீர்மானித்தேன்.

'ஐகான்' என்று பிள்ளைகள் கூறும் சின்னங்களைத் தொகுப்புத் தொகுப்பாக இப்போது கைப்பேசியிலேயே எடுத்துக்கொள்ளலாம். மகள் ஒரு தொகுப்பைக் காட்டினாள். எல்லாம் ஒரே அளவு, ஒரே கனமுள்ள கோடு. பார்க்க மிக அழகாக இருந்தன. காலைக்கு, ஒரு கிடைக்கோட்டின் மேல் பாதிச் சூரியனும் அதனருகே மேல்நோக்கிய சிறிய அம்புக்குறியும். மதியத்திற்கு முழுச் சூரியன். இரவுக்குப் பிறை. இந்த மூன்றையும் இடமிருந்து வலமாக ஒரே வரிசையில் அச்சிட்டு அலமாரிக் கதவில் ஒட்டினேன். மாத்திரை உறைகளிலும் அதே சின்னங்களை ஒட்டினேன். "அம்மா, இதைப் பார்த்துச் சாப்பிடுங்கள்" என்றேன். "சரி தம்பி" என்றார்கள். விளக்கம் என்று நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. படத்திற்கு விளக்கம் எதற்கு?

மறுநாள் மஃரிப் தொழுகை முடித்து வீடு திரும்பினேன். தாயார் தொழுகை விரிப்பிலேயே சுவரில் சாய்ந்து கிடந்தார்கள். நெற்றியெல்லாம் வியர்வை. கைகள் நடுங்கின. கேட்டதற்குப் பதில் குழறலாக வந்தது. மகள் ஓடிப்போய்ச் சர்க்கரையைக் கரைத்துக் கொண்டு வந்து, மெல்ல மெல்லக் குடிக்க வைத்தாள். கால் மணி நேரத்தில் முகம் தெளிந்தது. அல்ஹம்துலில்லாஹ். காலையில் சாப்பிட வேண்டிய சர்க்கரை மாத்திரையை மாலையில், அதுவும் வெறும் வயிற்றில் சாப்பிட்டதால் இரத்தத்தில் சர்க்கரை அளவு தாழ்ந்துவிட்டது என்று மருத்துவர் பின்னர் கூறினார்.

"ஏம்மா, தாளைப் பார்க்கவில்லையா?" என்று சற்றுக் கடிந்தே கேட்டுவிட்டேன். தாயார் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்.

"பார்த்துத்தானே சாப்பிட்டேன் தம்பி? முதல்ல பிறை போட்டிருக்கே. பிறை பார்த்தாத்தானே நாளு தொடங்குது? அது மஃரிபுக்கு. அடுத்தது உச்சி வெயில். அது லுஹருக்கு. கடைசியில சூரியன் பாதி மலைக்குள்ள போயிடுச்சு. அது அஸருக்கு அப்புறம். நீ போட்ட மாதிரிதானே சாப்பிட்டேன்?"

நான் வாயடைத்து நின்றேன். வாழ்நாள் முழுதும் வலமிருந்து இடமாக ஓதிய கண்கள் அவை. என் வரிசையை வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்கின. நம்முடைய நாள் மஃரிபில்தான் பிறக்கிறது. ஆகவே முதலில் பிறை இருப்பது அவர்களுக்கு மிகவும் பொருத்தமாகவே பட்டது. தலைப்பிறையை நாம் காண்பதும் மாலை வானில்தானே தவிர, படுக்கப் போகும் நேரத்தில் அன்று. எங்கள் ஊரில் மலை மேற்கே இருக்கிறது. சூரியன் மலையின்மீது பாதியாக நிற்பதை அவர்கள் அன்றாடம் பார்ப்பது மாலையில்தான். "அந்த அம்புக்குறியைக் கவனிக்கவில்லையா?" என்றேன். "அதுவா? சூரியனுக்கு முட்டுக் கொடுத்த குச்சின்னு நினைச்சேன்" என்றார்கள்.

வாசக அன்பர்களே, என் தாயார் வாசித்ததில் ஒரு பிழையும் இல்லை. எழுதியதில்தான் பிழை.

சின்னம் ஓர் உடன்படிக்கை

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. நாள்தோறும் நான் பிள்ளைகளுக்குக் கற்பிப்பதே சின்னங்களைத்தானே என்று அப்போதுதான் உறைத்தது. நம் நாட்டில் அச்சாகும் முஸ்ஹபுகளில் வரிகளுக்கு மேலே சின்னஞ்சிறு எழுத்துகள் நிற்பதை நீங்கள் அறிவீர்கள். 'மீம்' இருந்தால் கட்டாயம் நிறுத்த வேண்டும். 'தோ' இருந்தால் நிறுத்துவது நலம். 'ஜீம்' இருந்தால் நிறுத்தவும் செய்யலாம், தொடரவும் செய்யலாம். 'லா' இருந்தால் நிறுத்தக் கூடாது. இந்த முறையை வகுத்தவர் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த இமாம் ஸஜாவந்தீ. ஓரத்தில் நிற்கும் 'ஐன்' ருகூவைக் குறிக்கும். இவற்றில் எதையும் எந்தப் பிள்ளையும் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டதில்லை. நாங்கள் சொல்லிக் கொடுக்கிறோம், அவர்கள் கற்றுக்கொள்கிறார்கள். மதீனாவில் அச்சான முஸ்ஹபை ஒரு மாணவன் கொண்டு வந்தால், அதிலுள்ள குறிகள் சற்று மாறியிருப்பதைக் கண்டு திகைக்கிறான். திருமறை ஒன்றுதான், குறித் தொகுப்பு வேறு.

இன்னும் பின்னே சென்றால் அரிய பாடம் ஒன்று கிடைக்கிறது. உயிரொலிகளைக் காட்டுவதற்கு முதலில் வண்ணப் புள்ளிகளையே இட்டனர். ஏழாம் நூற்றாண்டின் அபுல் அஸ்வத் அத்துஅலீயின் பெயரால் அறியப்படும் முறை அது. ஆனால் 'பே'யையும் 'தே'யையும் வேறுபடுத்துவதற்கும் புள்ளிதான். புள்ளியும் புள்ளியும் நெருங்கி நின்றால் கண் மயங்காதா? எட்டாம் நூற்றாண்டில் பஸராவில் வாழ்ந்த கலீல் இப்னு அஹ்மத் இதற்குத் தீர்வு கண்டார். ஒலியைக் காட்டப் புள்ளிக்குப் பதிலாகச் சிறிய எழுத்துருவங்களைப் புகுத்தினார். நாம் 'ளம்மு' என்று ஓதும் குறி ஒரு குட்டி 'வாவ்'. 'ஷத்து' என்பது 'ஷீன்' எழுத்தின் தலை. ஒரு தொகுப்பில் உள்ள குறிகள் ஒன்றையொன்று ஒத்திருந்து கண்ணை மயக்கக் கூடாது என்பதை அந்தப் பேரறிஞர் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே உணர்ந்திருந்தார். நானோ ஒரே பாதிச் சூரியன் உதயமாகவும் அஸ்தமனமாகவும் தோன்றும் என்பதைக்கூட எண்ணவில்லை. பிறகு அந்தத் தொகுப்பைத் திறந்து பார்த்தேன். உதயத்திற்கும் மறைவுக்கும் அதே பாதிச் சூரியன்தான். அம்பு மேலே பார்த்தால் உதயம், கீழே பார்த்தால் மறைவு. அம்பு என்றால் திசை என்று பள்ளிக்கூடத்தில் கற்றவருக்கே அந்த வேறுபாடு தெரியும்.

ஆக, சின்னம் என்பது வெறும் படமன்று. வரைந்தவருக்கும் பார்ப்பவருக்கும் இடையிலான ஓர் உடன்படிக்கை. கணினியில் கோப்பைச் சேமிப்பதற்கு ஒரு சதுரத் தகடு இருக்கும். அது பழைய பிளாப்பி வட்டின் உருவம். என் மகள் அந்த வட்டைக் கண்ணால் கண்டதில்லை. ஆயினும் பிழையின்றி அதனை அழுத்துகிறாள். பொருள் மறைந்தும் உடன்படிக்கை நிலைத்திருக்கிறது.

நாடு வாசித்த சின்னங்கள்

எழுத்தறியாதோர் மிகுந்த ஒரு நாடு இந்த உடன்படிக்கையை எவ்வாறு செய்துகொண்டது என்பதற்கு நம் இந்தியாவே நல்ல சான்று. 1951-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 18 பேர். ஆனால் 1951-52 முதல் பொதுத் தேர்தலில் வாக்காளர்களோ 17 கோடிக்கு மேல். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் காலத்தில், ஒவ்வொரு வேட்பாளருக்கும் ஒரு தனிப் பெட்டி வைத்து, அதன்மீது அவரது சின்னத்தை ஒட்டினர். வாக்காளர் தமக்கு வேண்டிய பெட்டியில் சீட்டைப் போட்டால் போதும். 1962 பொதுத் தேர்தலில் முறை மாறியது. எல்லாச் சின்னங்களும் ஒரே சீட்டில் அச்சாகி, விரும்பிய சின்னத்தின்மேல் முத்திரை குத்தும் வழக்கம் வந்தது. தனித்தனிப் பெட்டிகளில் நின்றவை ஒரே தாளில் அடுத்தடுத்து நின்றன. அப்போது ஒரு சின்னம் தன்னளவில் தெளிவாக இருந்தால் போதாது; அண்டைச் சின்னத்தோடு மயங்காமலும் இருக்க வேண்டும். சிறிதாக, கறுப்பு மையில் அச்சானாலும் அடையாளம் தெரிய வேண்டும். தேர்தல் ஆணையத்தில் நெடுங்காலம் வரைவாளராக இருந்து 1992-ல் ஓய்வு பெற்ற எம்.எஸ். சேத்தி, இத்தகைய சின்னங்கள் பலவற்றைப் பென்சிலால் வரைந்தவர். மக்கள் அன்றாடம் கையாளும் பொருள்களே அவருக்குப் பாடம். 1968-ல் வந்த தேர்தல் சின்னங்கள் ஆணை, எந்தச் சின்னம் எவருக்கு உரியது என்பதை முறைப்படுத்தியது.

நம் தமிழகத்தில் இதன் வலிமையை நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. 1973 திண்டுக்கல் இடைத்தேர்தலில் அறிமுகமான இரட்டை இலை, 1989 தேர்தலில் முடக்கப்பட்டபோது, பிரிந்து நின்ற இரு அணியினரும் சேவல், இரட்டைப் புறா என்று புதிய உடன்படிக்கைகளைச் செய்துகொள்ள வேண்டியதாயிற்று. 2024 நாடாளுமன்றத் தேர்தலில் இராமநாதபுரம் தொகுதியில் முன்னாள் முதல்வர் ஓ. பன்னீர்செல்வம் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே பெயர் கொண்ட வேறு சிலரும் களத்தில் இருந்தனர். எழுதப் படிக்கத் தெரிந்தவருக்குமே அங்கே பெயர் போதவில்லை, சின்னம் தேவைப்பட்டது. ஏணியைக் காட்டினால் "முஸ்லிம் லீக்" என்று சொல்ல என் தாயாருக்கு எந்தப் பள்ளிக்கூடமும் தேவைப்படவில்லை. உதயசூரியனும் அவர்களுக்குத் தெரியும். "அலமாரியில நீ சூரியனை ஒட்டினப்போ, எலெக்ஷன் வருதோன்னு நினைச்சேன்" என்று பிறகு சிரித்தார்கள். அந்தச் சூரியன் உதிக்கும் சூரியன் என்று ஊர் முழுதும் பல்லாண்டுகள் சொல்லிச் சொல்லிப் பதிய வைத்திருக்கிறது. என் சூரியனுக்கு அப்படிச் சொல்ல யார் இருந்தார்கள்?

பார்ப்பவர் கண்ணே தீர்ப்பு

வரைந்தவர் கருதியது ஒன்று, பார்த்தவர் கொண்டது வேறொன்று என்பது உலக வரலாற்றிலும் நிகழ்ந்திருக்கிறது. போர்க்களத்தில் காயமுற்றோரைக் காக்க 1864 ஜெனீவா உடன்படிக்கையில் ஏற்கப்பட்ட செஞ்சிலுவை, சுவிட்சர்லாந்துக் கொடியின் வண்ணங்களை மாற்றிப் போட்டது என்பர். மதத்தைக் குறிப்பது அதன் நோக்கமன்று. ஆனால் உஸ்மானியப் படைவீரர்களின் கண்ணில் அது சிலுவையாகத்தான் பட்டது. ஆகவே 1876-ல் உஸ்மானிய அரசு தன் மருத்துவப் பணியாளர்களுக்குச் செம்பிறையை ஏற்றுக்கொண்டது. 1929 ஜெனீவா உடன்படிக்கை அதனை அங்கீகரித்தது. 2005-ல் எந்தச் சமயத்தையும் நினைவூட்டாத செம்படிகம் என்ற மூன்றாவது சின்னமும் சேர்ந்தது. "எங்கள் நோக்கம் இதுவன்று" என்று வாதிட்டுப் பயனில்லை. உயிர் காக்கும் சின்னத்தைப் பார்ப்பவர் நம்பினால்தான் உயிர் காக்கப்படும்.

நம் வயல்வெளிக்கு வருவோம். பூச்சிமருந்து டப்பாக்களில் ஒரு முனையில் நிற்கும் சதுரத்தைக் கண்டிருப்பீர்கள். அதன் கீழ்ப்பாதி நிறம் நஞ்சின் கடுமையைக் காட்டுகிறது. சிவப்பு மிகக் கொடியது; அடுத்து மஞ்சள்; அதற்கடுத்து நீலம்; கடைசியில் பச்சை. பச்சை என்றால் கடுமை குறைவு என்பதே பொருள், நஞ்சில்லை என்பதன்று. ஆனால் சாலை விளக்கிலும், சைவ உணவுப் பொட்டலத்தின் புள்ளியிலும் பச்சையைப் பார்த்துப் பழகியவர் "இது ஒன்றும் செய்யாது" என்று கருதிவிட்டால்? நிறத்தை மட்டும் நம்பிய சின்னம் இப்படித்தான் காலை வாரும்.

இதற்கெல்லாம் முறையான சோதனை உண்டு. பாதுகாப்புச் சின்னம் ஒன்றைப் பொதுமக்களிடம் காட்டி, நூற்றுக்கு 85 பேராவது சரியாகப் பொருள் கூறினால்தான் அமெரிக்கத் தர நெறி அதனை ஏற்கிறது. உலகத் தர நிறுவனமான ஐ.எஸ்.ஓ. வைத்துள்ள அளவு 67. அமெரிக்க நெறியில் மற்றொரு விதியும் உண்டு: கருதியதற்கு நேர்மாறாகப் புரிந்துகொள்பவர் நூற்றுக்கு ஐவருக்கு மேல் இருக்கக் கூடாது. விளங்காமல் போவது ஒரு குறை. தலைகீழாக விளங்குவது ஆபத்து. என் தாளில் நிகழ்ந்தது இரண்டாவது வகை.

மருந்துக்கென்றே அமெரிக்க மருந்தியல் நூல் அமைப்பு 81 சித்திரங்களை வகுத்திருக்கிறது. தென்னாப்பிரிக்காவின் ரோட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கல்வி குறைந்த மக்களிடம் அவற்றுள் சிலவற்றையும், அவ்வூர் வழக்கத்தைத் தழுவி வரைந்தவற்றையும் காட்டிப் பார்த்தனர். 2001-ல் வெளியான அந்த ஆய்வில், உள்ளூர்ச் சித்திரங்களே நன்கு விளங்கின என்று கண்டனர்.

இரண்டாவது தாள்

இதன் பின்னர் நான் தாயாரின் அருகில் அமர்ந்தேன். முதல் தாளைத் தயாரிக்குமுன் செய்திருக்க வேண்டியது அது. அவர்கள் அறிந்த அரபு எழுத்தையே போட்டுவிடலாமே என்று முதலில் தோன்றியது. தொழுகை நேரங்களின் முதலெழுத்துகளை எழுதிக் காட்டினேன். "அஸருக்கும் ஐன், இஷாவுக்கும் ஐனா?" என்று உடனே பிடித்துவிட்டார்கள். அதனைக் கைவிட்டேன்.

"காலையில முதல்ல என்ன செய்வீங்கம்மா?" என்று கேட்டேன். "சுபுஹு தொழுது, ஓதிட்டு, டீ குடிப்பேன்" என்றார்கள். ஆவி பறக்கும் டம்ளர் ஒன்றை வரைந்தேன். மதியத்திற்குச் சோற்றுத் தட்டு. இரவுக்குச் சுருட்டிய பாய். உயிருள்ளவற்றின் உருவத்தை வரையலாமா என்ற கேள்விக்கே இதில் இடமில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர்கள் இருவரிடம் எதுவும் சொல்லாமல் தாளைக் காட்டி, "இது என்ன?" என்று மட்டும் கேட்டேன். ஒருவர் பாயைப் பார்த்து "குழாய்" என்றார். ஆகவே பாயை விரித்து, மேலே ஒரு தலையணையைப் போட்டேன். பிறகு எவரும் தடுமாறவில்லை. மூன்றையும் பக்கவாட்டில் வைக்காமல் மேலிருந்து கீழாக அடுக்கினேன். தமிழ் படிப்பவருக்கும் அரபு ஓதுபவருக்கும் மேலே இருப்பதுதான் முதல். ஒவ்வொன்றின் அருகிலும் அந்தந்த மாத்திரையை, உண்மை அளவிலும் வடிவிலும் வரைந்தேன். இறுதியாகத் தாயாரையே எனக்கு விளக்கச் சொன்னேன். மதரஸாவில் பிள்ளைகளிடம் பாடம் கேட்பது போல, அன்று என் தாயாரிடம் பாடம் கேட்டேன். ஒரு பிழையும் இல்லை.

இந்த அனுபவத்திலிருந்து சிலவற்றை உங்களுக்குச் சொல்வேன். நிகாஹ் அழைப்பிதழோ, ஜமாஅத் அறிவிப்போ, மருந்துத் தாளோ, எதில் சின்னம் இட்டாலும் ஒரே தொகுப்பிலிருந்து எடுங்கள். ஒன்று தடித்த கோட்டிலும் மற்றொன்று மெல்லிய கோட்டிலும் இருந்தால், அந்த வேறுபாட்டிற்கும் ஏதோ பொருள் உண்டு என்று பார்ப்பவர் எண்ணுவார். ஆனால் அழகுக்காக ஒன்றுபோல் இருப்பவை, பொருளில் மயங்கும்படி ஒத்திருக்கக் கூடாது. எண்ணிக்கையைக் குறைவாக வையுங்கள். நிறம் போனாலும் வடிவம் பேச வேண்டும்; ஜெராக்ஸ் எடுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும். படிக்கத் தெரிந்தவருக்காகச் சின்னத்தின் கீழே ஒரு சொல்லையும் எழுதுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அதைப் பயன்படுத்தப் போகிறவரிடம் முதலில் காட்டி, "இது உங்களுக்கு என்ன சொல்கிறது?" என்று கேளுங்கள். "புரிகிறதா?" என்று கேட்காதீர்கள். அதற்கு நம் பெரியவர்கள் "சரி தம்பி" என்றுதான் பதில் சொல்வார்கள்.

என் மனைவி ஊரிலிருந்து திரும்பி வெகுநாளாகிறது. ஆனாலும் மாத்திரையை இப்போது எவரும் எடுத்துக் கொடுப்பதில்லை. தாயார் அதற்குச் சம்மதிப்பதில்லை. "எனக்குத்தான் வாசிக்கத் தெரியுமே" என்கிறார்கள். அலமாரிக் கதவில் டம்ளரும் தட்டும் பாயும் கொண்ட அந்தத் தாள் இருக்கிறது. பாதிச் சூரியன் இருந்த பழைய தாளை நான் கிழிக்கவில்லை. மதரஸாவில் என் மேசைக் கண்ணாடியின் கீழ் வைத்திருக்கிறேன். பாடம் விளங்காத பிள்ளையைக் கடிந்துகொள்ள வாய் திறக்கும்போதெல்லாம் அது என் கண்ணில் படுகிறது.